துவைக்காத சட்டைகள்

பாய்லர் மூச்சுவிடத் தொடங்கும்போது வெளியே இன்னும் விடிந்திருக்காது. முதல் நீராவி குழாய்களுக்குள் இருமிக்கொண்டே வரும். அப்புறம் தகரக் கூரை வியர்க்கும். அந்த வியர்வை சொட்டுச் சொட்டாகப் பெண்களின் பிடரியில் விழும். யாரும் துடைத்துக்கொள்வதில்லை. துடைக்கக் கை ஒழியாது.

பெரிய ஆஸ்பத்திரியின் அழுக்கு முழுவதும் அந்தச் சலவைக்கூடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை அறையின் பச்சைத் துணி, பிள்ளை பெற்றவளுக்கு அடியில் விரித்தது, செத்தவன் மேல் போர்த்தியது எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து விழும். பதினான்கு பெண்கள் அதைப் பிரித்து, அலசி, கொதிக்கவைத்து, பிழிந்து, இஸ்திரி உருளைக்குள் விட்டு, விரல் சுடச்சுட மடித்து, மறுபடி மூட்டையாக்கி அனுப்ப வேண்டும். ஈரத்தில் ஒரு விரிப்பு ஒரு குழந்தை கனம் கனக்கும். நாளெல்லாம் அப்படிக் குழந்தைகளைத் தூக்கி இறக்கினால் பொழுது சாயும்போது உடம்பில் இடுப்பு ஒன்றுதான் இருப்பதாகத் தெரியும்.

மூட்டை பிரிக்கும் மேடையில் நிற்பவள் நீலக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பத்தொன்பது வருஷம் கடைசி அலசலுக்கு நீலம் கலக்கிக் கலக்கி நகக்கண்ணெல்லாம் நீலமாகி, அதுவே பெயராக நின்றுவிட்டது. ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட. பிரிக்கிறவளுக்குக் கண் கூர்மையாக இருக்க வேண்டும். துணியோடு துணியாகக் கத்தரி வரும், ஊசி வரும், உடைந்த மருந்துப் புட்டி வரும். ஒருமுறை ஒரு முழுப் பல்செட் வந்தது. பாய்லர்காரர் அதைக் கழுவித் துடைத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். "இந்தக் கொட்டகையில சிரிக்கவும் ஒரு ஆள் வேணாமா?" என்றார்.

நீலக்கா கறையைப் பார்த்தே படுக்கையில் கிடந்தவருக்கு என்ன என்று சொல்லிவிடுவாள். இது அறுத்துத் தைத்தது, இது இருமிக் கக்கியது, இது பாவம், ஏழாம் மாதத்திலேயே கலைந்தது. டாக்டர்கள் எழுதி வைப்பதைத் துணியே அவளிடம் வாய்விட்டுச் சொல்லும்.

அந்த ஊரில் திருட்டு இல்லையா என்றால், இருந்தது. நூலாலையை மூடி இரண்டாயிரம் பேரைத் தெருவில் விட்ட வருஷத்திலிருந்தே இருந்தது. ஆனால் ரேடியோவுக்கு அந்தத் திருட்டு போதவில்லை. ஒரே வீட்டில் பூட்டு உடைந்ததை மூன்று நாள் மூன்று விதமாகச் சொன்னார்கள். முகமூடி போட்ட ஒரு முகத்தைச் சுவரெல்லாம் ஒட்டி, 'இவன் உங்கள் தெருவில் இருக்கிறான்' என்று கீழே எழுதினார்கள். மந்திரி பேசினார்: இனி போலீஸ் போதாது, படை வந்தால்தான் தாய்மார்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

நீலக்காவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. இருட்டு விலகாத காலையில் வேலைக்கு வரும்போது அவள் கழுத்துச் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடியிருந்தான். அறுத்த வேகத்தில் சாக்கடைக்குள் விழுந்து, முட்டி வீங்கி, ஒரு மாதம் காலை இழுத்து இழுத்து வேலை செய்தாள். அவள் பயம் பொய்யான பயமில்லை. அந்த உண்மையான பயத்தின் மேல்தான் அவர்கள் துப்பாக்கியைச் சாத்தி வைத்தார்கள். படை வேண்டும் என்று வீடு வீடாக ஒரு மனு வந்தபோது முதல் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டாள். லாரிகள் வந்த அன்று தெருமுனையில் நின்று கையும் தட்டினாள்.

அவள் நடந்து வரும் பாதையில் தெருவிளக்கு எரியாமல் போய் இரண்டு வருஷம். படை வந்த பிறகும் விளக்கு எரியவில்லை. விளக்குக் கம்பத்தடியில் மணல் மூட்டை அடுக்கி ஒரு சோதனைச் சாவடி மட்டும் வந்தது.

சாவடியில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பையைக் கொட்டிக் காட்டினார்கள். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டினார்கள். உடம்பைத் தடவிப் பார்ப்பவன் கை எங்கே நின்றது என்பதை ஒருத்தியிடம் ஒருத்தி சொல்லாமலே தெரிந்துகொண்டார்கள். தாமதமாக வந்தால் சலவைக்கூடத்தை நடத்தும் கான்ட்ராக்டர் அரை நாள் கூலியை வெட்டினார். ஆறே வாரத்தில் படைக்காரர்களின் சீருடை துவைக்கும் கான்ட்ராக்டும் அவருக்கே வந்தது. காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி வேலை கூடியது. கூட நாலு பேரையாவது போடுங்கள் என்று கேட்கப் போனவர்களிடம் அவர் குரலை உயர்த்தவேயில்லை.

"கூட்டமா வராதீங்கம்மா. அஞ்சு பேருக்கு மேல சேர்ந்து நின்னா இப்ப சட்டப்படி தப்பு. படைக்காரங்க பாத்தா நான் பொறுப்பில்ல" என்றார்.

திருடனுக்கு என்று வந்த சட்டம் முதலில் சலவைக்காரிகளின் கேள்வியைத்தான் பிடித்தது.

சீருடை வரத் தொடங்கிய பிறகு ஒரு நாள் காலை எல்லோரும் வேலையில் இருந்தார்கள், கண் மட்டும் மூலைக்கே போய்ப்போய் வந்தது. கூடத்தின் மூலையில் கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையல்காரி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அவள் புருஷன்தான் ஆஸ்பத்திரிக்கும் சலவைக்கூடத்துக்கும் நடுவே மூட்டை அடிக்கும் மூன்று சக்கர வண்டிக்காரர். மெலிந்த மனுஷர், மேட்டில் வண்டியை மிதிக்கும்போது மட்டும் பாட்டுப் பாடுவார். மூச்சு வாங்குவது தெரியக்கூடாதாம். முந்தாநாள் விடியலில் காலி வண்டியோடு புறப்பட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. வண்டியையும் காணோம், ஆளையும் காணோம். தையல்காரி போலீஸ் நிலையத்துக்குப் போனாள். படையிடம் கேள் என்றார்கள். சாவடிக்குப் போனாள். போலீஸிடம் கேள் என்றார்கள்.

நேற்று மாலை ரேடியோ சொன்னது: மந்திரி வருகைக்கு முன்தினம் சதித்திட்டத்தோடு வந்த மூன்று கொள்ளையர்கள், படையினரை நோக்கிச் சுட்டதால் நடந்த சண்டையில் கொல்லப்பட்டனர். கூடத்தில் யாரும் அந்தச் செய்தியையும் காணாமல்போன வண்டியையும் சேர்த்து நினைக்கவில்லை. நினைக்கத் துணியவில்லை என்பதுதான் சரி.

வண்டி இல்லாததால் மூட்டைகளை ஆஸ்பத்திரி லாரியே கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனது. எட்டாவது மூட்டையை நீலக்கா பிரித்தாள். மேலே இரண்டு போர்வை. அதற்கடியில் மூன்று சட்டைகள்.

ஆஸ்பத்திரி மூட்டையில் வீட்டுச் சட்டை வருவது வழக்கமில்லை. ஒன்று வெள்ளை, ஒன்று கட்டம் போட்டது, ஒன்று வெளிறிய பழுப்பு. மூன்றையும் முன்பக்கம் கத்தரியால் நேராக வெட்டித்தான் உடம்பிலிருந்து கழற்றியிருந்தார்கள். ரத்தம் காய்ந்து துணி பலகையாக விறைத்திருந்தது. நீலக்கா பழுப்புச் சட்டையை விரித்து முதுகுப்பக்கம் திருப்பினாள். தோள்பட்டைக்கு நடுவே ஒரு ஓட்டை. விரல் நுழையும். ஓட்டையின் ஓரம் கருகி, சுற்றிலும் புகை அப்பினாற்போல் ஒரு கறுப்பு வட்டம். வெள்ளைச் சட்டையைத் திருப்பினாள். அதிலும் முதுகில். கட்டம் போட்டதைத் திருப்பினாள். முதுகில் இரண்டு.

"இங்க வாங்களேன்" என்றாள். அந்தக் குரலில் அவள் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

பாய்லர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். வாலிபத்தில் பட்டாளத்தில் சமையல்கட்டில் இருந்தவர்.

"எட்டி நின்னு சுட்டா துணி கருகாது. குழாயை முதுகுல வச்சு அழுத்திட்டுச் சுட்டாதான் இப்படிப் பொசுங்கும்."

"சண்டைன்னு சொன்னாங்களே?"

"முதுகைக் காட்டிட்டு எவன்மா சண்டை போடுவான்?"

எல்லோரும் மேடையைச் சுற்றி நின்றதால் தையல்காரியும் எழுந்து வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும் என்று நீலக்கா பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள். அவள் பழுப்புச் சட்டையின் கழுத்துப்பட்டையைப் பார்த்தாள். தேய்ந்த பட்டையைப் பிரித்துத் திருப்பிப் போட்டு, பார்வைக்குத் தெரியாமல் உள்தையல் போட்டிருந்தது. அந்தக் கூடத்தில் அப்படித் தைக்கிறவள் ஒருத்திதான். அவள் கத்தவில்லை. சட்டையை எடுத்துத் தையலை நகத்தால் தடவினாள். கடைசி முடிச்சு வரைக்கும் தடவிப் பார்த்தாள்.

"நூல் தீந்துபோச்சுன்னு இந்த இடத்துல கறுப்பு நூல் போட்டேன். வெளிய தெரியாதுன்னாரு" என்றாள்.

அப்புறம்தான் அவள் சட்டையோடு சரிந்தாள். நான்கு பேர் சேர்ந்து தாங்கினார்கள். அவளிடமிருந்து வந்த சத்தத்தை அழுகை என்று சொல்ல முடியாது. ஈரத்துணியை இரண்டு பேர் இரு முனையில் பிடித்து முறுக்கும்போது துணியிலிருந்து ஒரு சத்தம் வருமே, அப்படி இருந்தது.

நீலக்கா அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முடியை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்: "படை வேணும்னு எழுதின பேப்பர்ல முதல் பக்கத்துல என் கையெழுத்து இருக்கு தங்கச்சி. இந்தக் கையாலதான் போட்டேன்."

தையல்காரி கண்ணைத் திறக்கவில்லை. "அதுக்குக் கீழ அவரு கையெழுத்தும் இருக்குக்கா. நீலக்காவே போட்டிருக்குன்னு பாத்துட்டுப் போட்டாரு."

கான்ட்ராக்டர் வழக்கமாகப் பத்து மணிக்குத்தான் வருவார். அன்று ஒன்பதுக்கே கார் வந்து நின்றது. இறங்கும்போதே உருளைகள் சுற்றாத அமைதி அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்னம்மா, மெஷின் நின்னுபோச்சா, இல்ல நீங்க நின்னுட்டீங்களா?"

அவர் மேடையைப் பார்த்தார். சட்டைகளைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதைக் கண்டதும்தான் அவருக்கு முன்பே தெரியும் என்று நீலக்காவுக்குப் புரிந்தது.

"ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்தது. மூணு உருப்படி தப்பா நம்ம மூட்டையில சேர்ந்துட்டுதாம். பிளீச்சிங் போட்டு நல்லாக் கொதிக்க வைங்க. மத்தியானம் ஆள் வந்து வாங்கிப்பாங்க."

"தப்பா வந்ததுன்னா அப்படியே திருப்பிக் குடுத்துடலாமே முதலாளி. எதுக்குத் துவைக்கணும்?" என்றாள் நீலக்கா.

"துவைக்கிறதுதானே உன் வேலை?"

"அழுக்கைத் துவைப்பேன். இது அழுக்கில்ல."

"பின்ன என்னவாம்?"

"சாட்சி."

அவர் சிரிக்க முயன்றார். "கோர்ட்டு வக்கீல் மாதிரிப் பேசுறியே. செத்தவனுங்க யாருன்னு ரேடியோவுல கேட்டியா இல்லையா? உன் சங்கிலியை அறுத்தானே, அந்த மாதிரி ஆளுங்க. அவனுங்களுக்காகவா வேலையை நிறுத்துற?"

"அதுல ஒருத்தர் உங்க வண்டியை மிதிச்சவரு."

இதை அவர் எதிர்பார்த்திருந்தார். "மிதிச்சவன்தான். வண்டியோட ஓடிப்போனவனும் அவன்தான். நான் போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன்."

அப்போதுதான் தையல்காரி எழுந்து நின்றாள். பழுப்புச் சட்டை அவள் கையில் இருந்தது.

"வண்டியைக் காணோம்னு எழுதிக் குடுத்தீங்களே முதலாளி, ஆளைக் காணோம்னு எழுதினீங்களா?"

"வண்டி என் பேர்ல இருக்கு, நான் எழுதினேன். ஆள் உன் புருஷன், நீதான் எழுதணும்."

"எழுதப் போனேன். பேப்பர் இல்லை, படையைக் கேளுன்னு அனுப்பிட்டாங்க."

பாய்லர்காரர் இடுப்பில் செருகியிருந்த அன்றைய செய்தித்தாளை எடுத்து மேடைமேல் விரித்தார். 'கொள்ளையரிடம் கைப்பற்றிய ஆயுதங்கள்' என்று ஒரு படம். இரண்டு கத்தி, ஒரு துப்பாக்கி, வளைந்த ஒரு இரும்புக் கம்பி.

"முதலாளி, இந்தக் கம்பியை நல்லாப் பாருங்க. இது நம்ம வண்டியோட பிரேக் கம்பி. போன மாசம் ஒடைஞ்சதுன்னு நான்தான் பத்தவச்சுக் குடுத்தேன். பத்தவச்ச இடத்து முண்டு கூட அப்படியே இருக்கு. ஓடிப்போன வண்டியோட பிரேக் படைக்காரன் மேசைக்கு எப்படி வந்தது? அதுவா நடந்து வந்துதா?"

கான்ட்ராக்டர் படத்தைப் பார்க்கவில்லை. "வெளியில துப்பாக்கியோட ஆள் நிக்கிறாங்க, உங்க பாதுகாப்புக்குத்தான். அவங்களை உள்ள கூப்பிட வைக்காதீங்க. ஒரு மணி நேரம் தரேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் போனை எடுப்பது தெரிந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் பின்வாசல் தட்டப்பட்டது. ஆஸ்பத்திரியின் பிணவறைக்காரர். கூடத்தில் உள்ளவர்களுக்கு அவரைத் தெரியும், ஆனால் யாரும் அதிகம் பேசிப் பழகியதில்லை. அவர் தொட்ட டம்ளரைத் தொடக் கூசுகிறவர்கள் அங்கேயும் இருந்தார்கள்.

அவர் வாசற்படியிலேயே நின்றார். "அந்தச் சட்டைங்களைத் துவைச்சுட்டீங்களா?"

"இல்ல."

அவர் படியில் உட்கார்ந்தார்.

"எரிக்கச் சொல்லி என்கிட்டதான் குடுத்தாங்க. எரிக்கிற மூட்டைக்குச் சிவப்பு நூல், துவைக்கிற மூட்டைக்கு வெள்ளை நூல். நான் நூலை மாத்திக் கட்டிட்டேன். சாம்பல் எங்கேன்னு கேட்டாங்க. மூட்டை மாறிப்போச்சு, கண்ணு சரியாத் தெரியலைன்னு சொன்னேன். நம்பின மாதிரி இருந்தது. எத்தனை நேரம் நம்புவாங்களோ தெரியாது."

"ஏன் மாத்தினீங்க?"

"தினமும் விடியல்ல மூட்டை ஏத்த வருவாரு. என்னைப் பாத்தா சாப்டீங்களான்னு கேப்பாரு. அந்த ஆஸ்பத்திரியில அதைக் கேக்குறவரு அவரு ஒருத்தர்தான்." தையல்காரியைப் பார்க்காமலே சொன்னார். "மூணு பேரு மணிக்கட்டுலயும் கயிறு அறுத்த தடம் இருக்கும்மா. இருபத்தாறு வருஷமா பாக்குறேன். உசுரோட இருக்கறவங்கதான் என்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க. உன் வீடு தெரிஞ்சும் வந்து சொல்லத் தைரியம் வரல. அதுதான் துணியா அனுப்பினேன்."

தையல்காரி ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்த பிறகு, அதே டம்ளரில் மிச்சமிருந்ததைத் தானும் குடித்தாள். இரண்டு நாளில் அவள் வாயில் பட்ட முதல் ஈரம் அது.

என்ன செய்வது என்று பேசினார்கள். ஒருத்திக்கு நோயாளிப் புருஷன். ஒருத்திக்கு மூன்று பெண் பிள்ளைகள். வேலை போனால் அடுத்த வாரம் அடுப்பில்லை. பிழியும் இயந்திரத்தில் நிற்பவள் நேராகவே சொன்னாள்: "எனக்கு பயமா இருக்கு. பயமில்லைன்னு சொன்னா பொய்." யாரும் அவளைக் கோழை என்று சொல்லவில்லை. வேலையை முழுக்க நிறுத்திவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னபோது நீலக்கா தலையாட்டி மறுத்தாள்.

"பிள்ளை பெத்தவ ரத்தத்துலயே கிடக்கணுமா? அந்தப் பாவம் நமக்கு வேணாம். ஆஸ்பத்திரித் துணியைத் துவைப்போம். படைக்காரன் துணியில ஒரு கைக்குட்டையைக் கூடத் தொட மாட்டோம். இந்த மூணு சட்டையையும் யார் கையிலயும் குடுக்க மாட்டோம்."

"பிடுங்கிட்டா?"

"பிடுங்கறதை ஊரு பாக்கட்டும்."

முன்முற்றம் தெருவைப் பார்த்தது. அங்கே துணி உலர்த்தும் கொடி, நெஞ்சு உயரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. மூன்று சட்டைகளையும் முதுகுப்பக்கம் தெருவுக்குத் தெரியும்படி கொடியில் மாட்டினார்கள். பாய்லர்காரர் செய்தித்தாளின் படத்தைக் கிழித்து நடுவில் குத்தினார். பிறகு உள்ளே போய்ச் சங்கின் வால்வைத் திறந்துவிட்டார். ஷிஃப்ட் முடியும்போது மட்டும் ஊதும் சங்கு அந்தப் பட்டப்பகலில் ஊதியது. நிறுத்தாமல் ஊதியது.

முதலில் எதிர்க்கடைக்காரர் வந்தார். அப்புறம் பஸ்ஸுக்கு நின்றவர்கள். பக்கத்து வெல்டிங் பட்டறை ஆட்கள். வந்தவர்கள் வேலியருகே நின்று பார்த்தார்கள். வெயில் ஓட்டைகளின் வழியே புகுந்து தரையில் சின்னச் சின்ன வட்டமாக விழுந்தது. காற்று வீசும்போது அவை நகர்ந்தன. யாரும் எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

பகல் ஒரு மணிக்குள் ஒரு அம்மாள் ஓடிவந்தார், செருப்பில்லாமல். கட்டம் போட்ட சட்டையைப் பார்த்துவிட்டு, "இது என் பையனுது. பட்டன் கழண்டுச்சுன்னு பேண்ட் பட்டனை வச்சுத் தச்சிருப்பான் பாருங்க" என்றார். மூன்றாவது பட்டன் அப்படியே இருந்தது. பையன் மாவு மில்லில் மூட்டை தூக்குகிறவன். வீட்டில் அம்மாவும் அவனும் மட்டும்தான். தையல்காரி அந்த அம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளைச் சட்டையைத் தேடி யாரும் வரவில்லை.

படை அதிகாரி இரண்டு மணிக்கு வந்தார். பின்னால் ஒரு லாரி ஆட்கள். இளவயது, படித்த களை, மரியாதையான பேச்சு. கூட்டம் இருநூறைத் தாண்டியிருந்ததால் மரியாதை இன்னும் கொஞ்சம் கூடியிருக்கலாம். சங்கு ஊதியதும் காரில் கிளம்பிப் போயிருந்த கான்ட்ராக்டர் அவருக்குப் பின்னால் நின்றார்.

"அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது" என்று தையல்காரியிடம் தொடங்கினார். "உங்க வீட்டுக்காரர் விஷயத்துல தப்பு நடந்திருக்கலாம். நெருக்கடியான நேரம். நான் மேல பேசுறேன். அவர் பேர் கொள்ளையர் பட்டியல்ல வராம பாத்துக்கறேன். உடம்பை இன்னைக்கே வாங்கிக்கலாம். இந்த அம்மா பையனுக்கும் அதேதான். சட்டைகளைக் குடுத்துட்டு அமைதியா வீட்டுக்குப் போங்க."

கூட்டம் தையல்காரியைப் பார்த்தது. இரண்டு நாளாக எந்த வாசலிலும் கிடைக்காத ஒரு பதில் இப்போது அவளைத் தேடி வந்து நின்றது. இதில் குறுக்கிட நீலக்காவுக்குக் கூட உரிமையில்லை.

"அப்ப, அந்த வெள்ளைச் சட்டை?" என்று கேட்டாள் தையல்காரி.

"அவன் வேற. பழைய குற்றவாளி. ஆறு வழக்கு இருக்கு. தேடிட்டு யாருமே வரலையே, அதுலேருந்தே தெரியலையா? அவனாலதான் இவங்க ரெண்டு பேருக்கும் இந்தக் கதி."

"அவன் கையும் கட்டித்தான் இருந்ததா?"

அதிகாரி கான்ட்ராக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அவனுக்கும் முதுகுலதான் இருக்கு. நீங்களும் பாத்தீங்களா?"

"அம்மா, அவன் திருடன்."

இந்த இடத்தில் நீலக்கா முன்னால் வந்தாள்.

"திருடனாவே இருக்கட்டுங்க. என் கழுத்துல கை வச்சவனாவே இருக்கட்டும். அவனைப் புடிங்க, கோர்ட்டுல நிறுத்துங்க, உள்ள போடுங்கன்னுதான் நான் கையெழுத்துப் போட்டேன். கையைக் கட்டி முதுகுல சுடுங்கன்னு போடல. அந்த மனுவைக் கொண்டாங்க, படிச்சுக் காட்டுங்க, எந்த வரியில அப்படி இருக்கு?" அவள் கொடியைக் கையால் காட்டினாள். "ஒருத்தனைத் திருடன்னு சொல்லிச் சுட விட்டோம்னா, நீங்க சுட்டுப்போட்டவனையெல்லாம் திருடன்னு சொல்லிடுவீங்க. வண்டி மிதிச்சவரைச் சொல்லிட்டீங்களே. நாளைக்கு நாலு ஆள் கூடப் போடுங்கன்னு கேட்ட எங்களையும் சொல்ல மாட்டீங்களா?"

"மூணு பேரையும் சேர்த்துக் குடுங்க" என்றாள் தையல்காரி. "மூணு உடம்பு. முதுகுல சுட்டோம்னு எழுதின மூணு பேப்பர். இல்லைன்னா என் புருஷனும் அங்கேயே கிடக்கட்டும். தனியா வந்தா அவரு ஏத்துக்க மாட்டாரு."

கட்டம் போட்ட சட்டையின் அம்மாள் அவள் கையை விடவேயில்லை. அவரும் வீட்டுக்குப் போகவில்லை.

சிப்பாய்களில் ஒருவன் கொடியை நோக்கி நகர்ந்தான். பதினான்கு பெண்களும் கொடிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். பயமாயிருக்கிறது என்று சொன்னவள் நடுவில் நின்றாள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. வெல்டிங் பட்டறைக்காரர்கள் வேலியைத் தாண்டி உள்ளே வந்தார்கள். ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வேலை முடிந்த ஏழெட்டு நர்சுகளும் வார்டு ஊழியர்களும் பிணவறைக்காரரோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர் இனி கண் தெரியவில்லை என்று சொல்லப் போவதில்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

அதிகாரி கூட்டத்தை ஒருமுறை எண்ணுவதுபோல் பார்த்தார். சிப்பாயைப் பின்னால் வரச் சொன்னார்.

"நாளைக்குக் காலையில உத்தரவோட வருவேன். அப்ப இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன்" என்றார். வாசலில் ஆறு துப்பாக்கிகளை நிறுத்திவிட்டு லாரி போனது. கான்ட்ராக்டர் கார் கண்ணாடியை இறக்கி, "பதினாலு பேருக்கும் வேலை இல்லை. எழுதி வச்சுக்கங்க" என்று கத்திவிட்டுப் போனார்.

எதுவும் கிடைக்கவில்லை. மூன்று உடம்புகளும் குளிர்ந்த அறையில் பூட்டிக் கிடந்தன. மாலை ரேடியோ அவர்களைக் கொள்ளையர்கள் என்றே சொன்னது, கூடவே ஒரு வரி சேர்த்தது: சலவைக்கூடத்தில் கொள்ளையர்களின் கூட்டாளிகள் பதுங்கியிருப்பதாகச் சந்தேகம். பாய்லர்காரர் அதைக் கேட்டுவிட்டு, "பதுங்கறவன் சங்கு ஊதிட்டா பதுங்குவான்?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்ததற்காகத் தையல்காரியைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். அவள் பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்தாள்.

வெயில் தாழ்ந்தபோது யார் யார் எப்போது காவல் இருப்பது என்று பேச்சு வந்தது. அதற்கு அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஷிஃப்ட் போட்டார்கள். நீலக்கா ஒரு மருந்து அட்டைப்பெட்டியைப் பிரித்து, கரித்துண்டால் கோடு கிழித்தாள். ஆறிலிருந்து பத்து வரை பிரிப்பு மேடைக்காரிகள். பத்திலிருந்து இரண்டு வரை பிழிகிறவர்கள். நர்சுகள் ஒரு வரி கேட்டு வாங்கினார்கள். வெல்டிங் பட்டறைக்கு விடியல் ஷிஃப்ட், லாரி வரும் நேரம் அதுதான் என்பதால் அவர்களே கேட்டார்கள். கட்டம் போட்ட சட்டையின் அம்மாள், "எனக்கு எல்லா ஷிஃப்டும்" என்றார்.

வேலிக்கு வெளியே ஒரு பெண் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். தலையில் காலிக் கூடை, விற்று முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள். அங்கிருந்த யாருக்கும் அவளைத் தெரியாது. வெள்ளைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவராம்மா?" என்று தையல்காரி தயங்கிக் கேட்டாள்.

"இல்லம்மா. எனக்கு யாருன்னே தெரியாது." அவள் கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். துப்பாக்கிக்காரர்களைத் தாண்டி உள்ளே வந்தாள். "அந்தத் தம்பிக்குத்தான் யாரும் இல்லைங்கறாங்களே. அவனுக்குன்னு ஒரு ஷிஃப்ட் போட்டு, என் பேரை எழுதிக்கங்க."

நீலக்கா அட்டையில் இன்னொரு கோடு கிழித்தாள்.